நிறுத்தப்படும் ராட்டினங்களும் ஊர் மாறும் ராட்டினங்களும்

கொட்டகலையில் இருக்கும் என் தங்கையின் மகனுக்கும் மகளுக்கும் ரோலர் கோஸ்டர் என்றால் உயிர். இருவரும் இன்றுவரை ஒன்றில்கூட ஏறியதில்லை. ஆனால் எது எத்தனை மீற்றர் உயரம், எது எந்த வருடம் திறக்கப்பட்டது என்பதெல்லாம் பாடமாகச் சொல்வார்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 139 மீற்றர் உயரத்துக்கு நின்ற கிங்டா கா என்ற ரோலர் கோஸ்டர் 2025 பெப்ரவரி 28 அன்று வெடிவைத்துச் சாய்க்கப்பட்ட நாளிலிருந்து அதை ஏன் உடைத்தார்கள் என்று அந்த வீட்டில் ஒரு வாக்குவாதம் ஓயாமல் நடக்கிறது. முந்தைய வருடம் இரண்டு பெரிய பூங்காக் கம்பனிகள் ஒன்றாக இணைந்தன, கணக்குப் பார்த்தார்கள், செலவு கூடியதை உடைத்துவிட்டார்கள் என்பது மகனின் கட்சி. அடிக்கடி நின்றுபோகும் மெஷினை எவ்வளவு காலத்துக்குத்தான் வைத்திருப்பார்கள் என்பது மகளின் கட்சி. நான் போகும்போதெல்லாம், "நீங்க சொல்லுங்க மாமா, யார் சரி?" என்று தீர்ப்புக் கேட்பார்கள்.

தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களோடு இருபது வருடங்களுக்கு மேலாகக் காலம் தள்ளிய இயந்திரப் பொறியியலாளன் நான். சில வருடங்களாக ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்கு வரும் காணிவேல் ராட்டினங்களைப் பார்த்துச் சொல்லும்படி ஏற்பாட்டாளர்கள் என்னை அழைப்பதுண்டு. அந்த அனுபவத்தில் சொல்வதானால், பிள்ளைகள் இருவரும் பாதி சரி. மீதிப் பாதி ராட்டினத்தின் பராமரிப்புப் பதிவேட்டில் இருக்கிறது. அது ரசிகர்களின் கண்ணில் படுவதில்லை.

கிங்டா காவையே எடுத்துக்கொள்வோம். 2005இல் திறக்கப்பட்ட அது, எண்ணெய் அழுத்தத்தால் ஒரு பெரிய உருளையைச் சுழற்றி, அந்த உருளை சுருட்டும் கம்பி வடத்தால் வண்டியை இழுத்து, ஏறத்தாழ மூன்றரை விநாடிகளில் மணிக்கு 206 கிலோமீற்றர் வேகத்துக்குக் கொண்டுபோனது. இந்த ஒரு வாக்கியத்தை வாசிக்கும்போதே பராமரிப்புக்காரனுக்கு வயிற்றைக் கலக்கும். ஒவ்வொரு புறப்பாட்டிலும் வடம் விறைக்கிறது, அடைப்பு வளையங்கள் தேய்கின்றன, எண்ணெய் சூடேறுகிறது. இதே வகையைச் சேர்ந்த டாப் த்ரில் டிராக்ஸ்டர் ஒஹாயோவில் 2003 முதல் ஓடியது. 2021 ஓகஸ்டில் அதன் வண்டியிலிருந்து கழன்ற உலோகத் துண்டொன்று வரிசையில் நின்ற பெண்ணைத் தாக்கிப் படுகாயப்படுத்தியது. அதன் பின் எண்ணெய் முறையைக் கைவிட்டு, மின்காந்த மோட்டார்களால் தள்ளும்படி மாற்றி 2024 மே மாதம் திறந்தார்கள். சில நாள்களிலேயே வண்டிகளில் குறை கண்டு நிறுத்தி, 2025இல்தான் மீண்டும் ஓடவிட்டார்கள். ஒரே வகை இயந்திரங்கள் இரண்டில் ஒன்றுக்குப் பணம் செலவிட்டு உயிர் கொடுக்கிறார்கள், மற்றதை உடைக்கிறார்கள். ஆகவே பணமா பழுதா என்று பிரித்துக் கேட்பதில் பொருளில்லை. பழுதுதான் காலப்போக்கில் பணக்கணக்காக மாறுகிறது.

எங்கள் தொழிற்சாலையில் தேயிலைக் கொழுந்தை உருட்டும் ரோலரின் பல்சக்கரம் தேய்ந்தால் அச்செடுத்து வார்த்துக்கொள்ளலாம். உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில் மட்டும் உள்ள ஓர் இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் வேண்டுமென்றால் யாரிடம் போவது? தயாரித்தவரே கைவிட்ட முறையாக இருந்தால் ஒவ்வொரு பாகத்தையும் தனியாகச் செய்விக்க வேண்டும். நிறைய ராட்டினங்கள் இப்படித்தான் சாகின்றன. அதை யாரும் அறிவிப்பில் எழுதுவதில்லை, "புதியதொன்றுக்கு இடமளிக்கிறோம்" என்றுதான் எழுதுவார்கள்.

ரசிகர்கள் அதிகம் சண்டை போடுவது ஸ்ப்ளாஷ் மவுண்டனைப் பற்றி. 1989இல் கலிபோர்னியாவின் டிஸ்னிலாண்டில் திறக்கப்பட்ட அந்த நீர்ச்சறுக்கு, கறுப்பின மக்களைச் சித்தரித்த விதத்துக்காகக் கண்டிக்கப்பட்ட 1946ஆம் ஆண்டுத் திரைப்படமொன்றின் பாத்திரங்களைக் கொண்டிருந்தது. 2020இல் மாற்றம் அறிவிக்கப்பட்டு, 2023இல் அமெரிக்காவின் கலிபோர்னியா, புளோரிடா ஆகிய இரண்டு இடத்துப் பூங்காக்களிலும் மூடப்பட்டு, 2024இல் டிஸ்னியின் கறுப்பின இளவரசி டியானாவின் கதையோடு திறக்கப்பட்டது. டோக்கியோவில் இருப்பது பழைய கதையோடுதான் ஓடுகிறது. இதில் நான் கவனிப்பது ஒன்றுண்டு: வாய்க்கால் அதேதான், சரிவும் அதேதான். கதை போனது, கட்டமைப்பு நின்றது. இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸில் 1994 முதல் ஓடிய நெமிசிஸ் என்ற ரோலர் கோஸ்டருக்கு நடந்தது இதற்கு நேர் மாறானது. 2022 நவம்பரில் நிறுத்தி, பழைய தண்டவாளத்தைக் கழற்றிப் புதிய உருக்கில் அதே வளைவுகளை அமைத்து 2024 மார்ச்சில் திறந்தார்கள். அங்கே இரும்பு போனது, ஆட்டம் நின்றது. முதலாவதற்கு ஊரெல்லாம் சண்டை, இரண்டாவதற்குக் கைதட்டல். ஆனால் ஏறுபவரின் உயிர் சம்பந்தப்பட்டது இரண்டாவதுதான்.

(மூடியதற்குக் காரணம் தேடும் பழக்கம் எங்கள் ஊருக்கும் புதிதல்ல. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்கு ஓடி 1940களில் நின்றுபோன சின்ன ரயிலைப் பற்றி, அதைக் கண்ணால் காணாதவர்கள்கூட இன்றும் தேநீர்க்கடையில் வழக்காடுகிறார்கள்.)

இரும்பு சாவதென்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். நிமிடத்துக்கு மூன்று சுற்றுச் சுற்றும் ராட்டினம், நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலம் ஓடினால் 1,800 சுற்று. ஏப்ரல் மாதம் முழுவதும் ஓடினால் 54,000. ஒவ்வொரு சுற்றிலும் ராட்டினத்தின் கை மேலே போகும்போது அமுங்குகிறது, கீழே வரும்போது இழுபடுகிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் முறிகிறதல்லவா? அதேதான். உலோகச் சோர்வு என்று இதற்குப் பெயர். எடை தாங்கும் என்று கணக்கிட்ட பாகம், எடையே கூடாமல், சுற்றுகளின் எண்ணிக்கையால் முறிந்துபோகும். இதில் கொடுமை என்னவென்றால், விரிசல் வளர்ந்துகொண்டிருக்கும் காலம் முழுவதும் ராட்டினம் நன்றாகவே ஓடும்.

ஜப்பானின் ஒசாக்காவில் எக்ஸ்போலாண்ட் என்ற பூங்காவில் 2007 மே மாத விடுமுறைக் கூட்டத்தின்போது ரோலர் கோஸ்டர் ஒன்றின் அச்சு முறிந்து 19 வயதுப் பெண்ணொருவர் இறந்தார். அந்த அச்சு பதினைந்து வருடங்களாக மாற்றப்படவே இல்லை. முறிவுக்குக் காரணம் இந்தச் சோர்வுதான். அதே நாட்டின் ஃபுஜி-கியூ பூங்காவில் டோ-டோடோன்பா என்ற ரோலர் கோஸ்டரில் ஏறிய சிலருக்கு எலும்பு முறிவு ஏற்பட்டதாகத் தெரிந்ததும் 2021 ஓகஸ்டில் அதை நிறுத்தினார்கள். 2024இல் நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தார்கள். அதையும் ரசிகர்கள் துக்கத்தோடுதான் பேசுகிறார்கள். எனக்கு அந்தச் செய்தியில் துக்கம் இல்லை.

ஏனென்றால் மூடுவதற்கு அங்கே ஒரு வாசலாவது இருக்கிறது. நிலத்தில் ஊன்றிய பூங்காவுக்குப் பெயர் உண்டு, முகவரி உண்டு, ஒரு குறை தெரிந்தால் அது அந்தப் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். நாங்கள் மலையகத்தில் காண்பவை பெரும்பாலும் லொறியில் வந்து லொறியில் போகும் ராட்டினங்கள். அவை மூடப்படுவதில்லை. ஊர் மாறுகின்றன.

ஒரு சீசனில், திறப்பதற்கு முந்தைய நாள் மாலை, பெரிய ராட்டினமொன்றின் கூடைகளைத் தாங்கும் தடித்த இரும்பு ஊசிகளைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். கிரகரி வாவிப் பக்கமிருந்து பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. துடைத்த ஊசியில் சிவப்புச் சாயம் பூசிப் பத்து நிமிடம் விட்டேன். பிறகு மேற்பரப்பில் சாயம் துளியும் மிஞ்சாமல் துடைத்து, வெள்ளைப் பொடித் தெளிப்பை அடித்தேன். முதலில் ஊசி முழுவதும் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருந்தது. ஒரு நிமிடம் கழித்து, தலையும் தண்டும் சேரும் மூலையில் மயிரிழைபோல ஒரு சிவப்புக் கோடு கசிந்து, மெல்ல மெல்ல அரை வட்டமாகத் தடித்தது. விரிசலுக்குள் புகுந்திருந்த சாயம் வெளியே வந்துவிட்டது. உரிமையாளர் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சேர், இது பத்து வருஷமா இப்படித்தான் ஓடுது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் பிரச்சினை என்பதை அவருக்கு விளங்கவைக்க எனக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது.

இன்னொரு கூடையின் கதவில், கொக்கியை நழுவாமல் பிடிக்க வேண்டிய சிறிய கிளிப்புக்குப் பதிலாக வேலிக் கம்பியை முறுக்கி விட்டிருந்தார்கள். ஏற்பாட்டாளர்களிடம் எழுதிக் கொடுத்தேன். அந்தச் சீசனில் அந்த ராட்டினம் ஓடவில்லை. மறுநாள் அதற்கு முன்னால் நின்ற பையன்கள், காசு பறிக்க வந்தவன் என்று என் காதுபடவே பேசிக்கொண்டார்கள்.

சாயமும் பொடியும் இல்லாத பெற்றோர் எதைப் பார்க்கலாம் என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். முதலில் கீழே பாருங்கள். எங்கள் ஊர் மண் ஈரமண். ராட்டினத்தின் கால்களுக்கு அடியில் வைத்த மரக்கட்டைகள் சேற்றில் ஒரு பக்கமாகப் புதைந்திருந்தால், காலையில் நேராக நின்ற ராட்டினம் மாலையில் சாய்ந்திருக்கும். இரும்பு அந்தச் சாய்வுக்காகக் கணக்கிடப்படவில்லை. கட்டைகளுக்கு அருகே புதிய ஆப்புகள் அடித்திருப்பதைக் கண்டால், அது ஏற்கனவே இறங்கியிருக்கிறது என்று பொருள். அடுத்து, பல ராட்டினங்களைச் சுழற்றுவதும் நிறுத்துவதும் விளிம்பில் அழுந்தும் ரப்பர் டயர்கள்தான். மழை தூறினால் அவை வழுக்கும். நினைத்த இடத்தில் நிற்காமல் கூடை தள்ளிப்போய் நிற்பதைக் கண்டால் வரிசையை விட்டு விலகுங்கள். போல்டின் தலையைச் சுற்றிச் சாயத்தேநீர் நிறத்தில் ஒழுகிய கறை இருந்தால், உள்ளே இரும்பு இரும்போடு உராய்ந்துகொண்டிருக்கிறது. ஆட்களை ஏற்றுபவர் எதிரெதிர்க் கூடைகளில் சமமாக ஏற்றுகிறாரா, ஒரே பக்கத்தை நிரப்புகிறாரா என்பதையும் கவனியுங்கள். கதவை அவர் கையால் இழுத்துப் பார்க்காமல் அடுத்த ஆளுக்குப் போனால், உங்கள் பிள்ளையை இறக்கிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டிக்கெட் காசு போனால் போகட்டும்.

பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள். எந்தத் திகதியில் எந்த ஊசி மாற்றப்பட்டது, யார் பார்த்தார் என்று ஒரு கொப்பியில் எழுதியிருப்பவரிடம் ராட்டினம் பழையதாக இருந்தாலும் நான் என் மருமக்களை ஏற்றுவேன். "எல்லாம் பாஸ் பார்த்துட்டாரு" என்ற பதில் எனக்குப் போதாது. அந்தப் பாஸ் கைராசிக்காரராகவே இருக்கலாம். ஆனால் சுற்றுகளின் எண்ணிக்கையை எவராலும் மனத்தில் வைத்திருக்க முடியாது.

இவ்வளவையும் கேட்ட பின் மருமகள், "அப்போ நான் சொன்னதுதான் சரி" என்றாள். மருமகன் ஒப்புக்கொள்ளவில்லை, மாற்றச் செலவாகும் என்பதால்தானே அந்த ஊசியும் பத்து வருடம் இருந்தது என்று திருப்பிக் கேட்டான். என்னிடம் பதில் இருக்கவில்லை.

அந்த ஊசியைக் கழற்றிப் பார்த்த அதே வருடம் வெசாக் விடுமுறையில் பதுளைப் பக்கம் போயிருந்தேன். மைதானமொன்றில் கூட்டம் நெரிந்தது. ராட்டினத்துக்குப் புதிதாக நீல வர்ணம் அடித்திருந்தார்கள். அதனால் முதலில் அடையாளம் தெரியவில்லை. வரிசையோரமாக நடந்து கிட்டப் போனேன். கூடைக் கதவில் அந்த வேலிக் கம்பிக்கும் சேர்த்து நீலம் அடித்திருந்தது.