காந்தத் தலையீடா, காந்தத் திரிபா?

கைக்கடிகாரத்தில் திசைகாட்டியைத் திறந்தால் 'காந்தத் தலையீடு கண்டறியப்பட்டது' என்கிறது. உடலில் கட்டும் அசைவு உணரிகளின் கையேடுகளிலும் இதே தலையீடுதான். யார் வந்து தலையிட்டார்களோ!

மூலச்சொல் இன்டர்ஃபியரன்ஸ். பழைய பிரெஞ்சில் 'ஒன்றையொன்று அடித்தல்'. நடக்கும் குதிரையின் கால் மறுகாலில் இடிப்பதையும் குறித்தது. சரி, அது அவர்கள் கதை.

தமிழில் தலையீடு ஆள் செய்கிற காரியம். பங்காளிச் சண்டையில் தலையிடலாம், வேண்டாமென்றால் ஒதுங்கிக்கொள்ளலாம். கடிகாரப் பட்டையின் காந்தக் கொக்கி எங்கே ஒதுங்கும்? கையோடு கூடவே வருகிறது. பூமியின் காந்தப்புலம் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லாதான், அவ்வளவு மெலிது. கொக்கியின் புலமும் அதோடு சேர்ந்துகொள்ள, வடக்கு இடம் மாறிவிடுகிறது. 'தலையீட்டை அகற்றவும்' என்று படித்தவர் எதை அகற்றுவார்?

'குறுக்கீடு' என்பாரும் உண்டு. அது ஒளியலைகளுக்கென்று பாடநூலில் ஏற்கெனவே குடியேறிய சொல். தவிர, குறுக்கே வந்தது போய்விடும் என்ற நினைப்பையும் தருகிறது.

நான் சொல்வது திரிபு. பால் திரிகிறது, சொல் திரிகிறது. பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம்: பக்கத்து எழுத்தால் னகரம் றகரமாகிறது. பக்கத்து இரும்பால் புலம் மாறுவதும் இதே ஜாதிதான்.

தொல்லையும் புதிதல்ல. 1838இல் ஆங்கிலேய வானியலாளர் ஜார்ஜ் ஏரி, 'ரெயின்போ' என்ற இரும்புக் கப்பலின் திசைகாட்டி அருகே காந்தமும் இரும்பும் வைத்து இதைச் சரிசெய்தார். கப்பல்காரர்கள் பிரித்த வகைகளைத்தான் 'கடின இரும்பு', 'மென்மையான இரும்பு' என்று இப்போது பெயர்க்கிறார்கள், ஏதோ தட்டிப் பார்த்துச் சொன்னதுபோல. கடினமா மென்மையா என்பது இங்கே பேச்சே இல்லை, காந்தத்தன்மை நிற்கிறதா என்பதே கேள்வி. முதலாவது நிலைத்த காந்தம். கையால் காற்றில் எட்டுப் போடச் சொல்லி, பல திசைகளில் புலத்தை அளவெடுத்து வரைந்தால் புள்ளிகள் ஒரு கோளமாக விழும், ஆனால் மையம் தள்ளியிருக்கும். அந்தத் தள்ளலைக் கழித்தால் போதும். இதை 'நிலைத்த திரிபு' எனலாம். இரண்டாவது, தானாகக் காந்தமில்லாமல் வெளிப்புலத்தால் தூண்டப்பட்டுக் காந்தமாவது. கோளத்தையே நீள்கோளமாக நசுக்கிவிடும். 'தூண்டல் திரிபு' என்றால் காரணமும் பெயரிலேயே வந்துவிடுகிறது.

மூன்றாவதாக, அறையிலுள்ள இரும்பு மேசை. அது கையோடு வராததால் எட்டுப் போட்டுப் பயனில்லை. புலத்தின் வலிமையும் சாய்வும் வழக்கத்துக்கு மாறாக இருந்தால், மென்பொருள் காந்த உணரியைச் சற்று நேரம் ஒதுக்கிவிட்டு, திரும்பும் வேகத்தை அளக்கும் சுழலுணரியை (ஜைரோஸ்கோப்) நம்பும். நீண்ட நேரம் நம்பினால் அதுவும் மெல்ல விலகிப் போகும். இதற்கு 'இடத்திரிபு' என்கிறேன். எச்சரிக்கையையும் அப்படியே எழுதலாம்: 'இங்கே காந்தத் திரிபு உள்ளது, சற்று தள்ளி நில்லுங்கள்.'