எதிர்ப்பு சக்தி கூடினால் தசை தேறுமா?

போன வாரமும் ஒரு பையன், ஒன்பது வயது, டுஷேன் தசைச்சிதைவு, அதாவது தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைகிற பிறவி நோய். அதற்கு ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவன். வாந்தி எடுத்து எடுத்துத் துவண்டு கிடந்தான். அவன் அம்மா பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். எதிர்ப்பு சக்திப் பொடி. “ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியைக் குறைச்சிடுமாமே டாக்டர், அதான் அதை நிறுத்திட்டு நாலு நாளா இதைக் கொடுக்கிறோம்.” இது எத்தனையாவது டப்பா என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

தசையைச் சிதையாமல் காக்கிற டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் இந்தப் பையன்களுக்கு இல்லை, அது இருக்கட்டும். எதிர்ப்பு சக்தி என்ன செல்போன் சார்ஜா, ஏற ஏற நல்லது என்பதற்கு? இந்த நோயில் எதிர்ப்பு அணுக்களுக்குப் பஞ்சமே இல்லை, சிதைகிற தசைக்குள் அவை கூட்டமாகப் புகுந்துகொண்டு இன்னும் கெடுக்கின்றன. இந்த நோயை ஆராய ஆய்வகங்களில் வளர்க்கிற, 1984இல் அறிமுகமான எம்டிஎக்ஸ் எலிக்கும் டிஸ்ட்ரோஃபின் கிடையாது. மூன்று வாரக் குட்டியாக இருக்கும்போதே அதன் தசை இழைகள் சாக ஆரம்பிக்கும், நுண்ணோக்கியில் பார்த்தால் இழைகளுக்கு நடுவே மேக்ரோஃபேஜ், டி செல் என்கிற எதிர்ப்பு அணுக்கள் அப்பிக் கிடக்கும். ஸ்டீராய்டு அடக்குவது இந்தக் கூட்டத்தைத்தான். அதை நிறுத்திவிட்டு எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுகிற வேலை. நல்லவேளை, பொடிக்கு அந்தச் சக்தியெல்லாம் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. சொந்த உடம்பையே தாக்கக்கூடிய டி செல்களை வடிகட்டுவது நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிற தைமஸ். எம்டிஎக்ஸ் எலியில் அந்தத் தைமஸே கோளாறாகிவிடுகிறது. 2021இல் வந்த ஓர் ஆய்வில் அந்தக் கோளாறான தைமஸை எடுத்து, பிறவியிலேயே தைமஸ் இல்லாத வேறு எலிகளுக்குப் பொருத்தினார்கள். தசைநோயே இல்லாத அந்த எலிகளின் தசையும் மெலிந்து வலுவிழந்தது. நான் இதை இரண்டு தடவை படித்தேன். சரி, எலி மனிதன் இல்லை, எம்டிஎக்ஸ் எலி நம் பையன்களைப் போல நடையை இழப்பதும் இல்லை, அதனால் இதை வைத்து நான் மருந்து எழுதப் போவதில்லை. ஆனால் இது வெறும் தசை நோய் என்று இனி சொல்லாதீர்கள்.

ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். நாள்பட எடுத்தால், உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கிற அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும், சட்டென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது, அந்தப் பையனின் வாந்தி அதனால்தான். மாத்திரை வயிற்றில் நிற்கவில்லையா, உடனே மருத்துவமனை, ஊசியாகப் போடணும். ஃப்ளூ தடுப்பூசி வருஷாவருஷம். உயிருள்ள கிருமியில் செய்த தடுப்பூசி ஏதும் பாக்கி இருந்தால் ஸ்டீராய்டு தொடங்கும் முன்பே கேளுங்கள், ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியை அடக்கிய பிறகு அதைப் போடுவது ஆபத்து, அப்புறம் கேட்டால் நான் கையைப் பிசைவேன்.

பொடி வாங்கியிருந்தால் டப்பாவோடு வாருங்கள், சத்தியமாகத் திட்ட மாட்டேன். மாத்திரையை மட்டும் என்னைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள் அம்மா.