மஞ்சள் ஏன் சிவக்கிறது? வீட்டுச் சோப்பில் மூலிகை சேர்க்கும் முன்

எண்ணெயைச் சோப்பாக்கும் கடுங்காரமான காஸ்டிக் சோடாவின் கரைசல் கலந்த எண்ணெயில் ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூளைப் போட்டால் கலவை மஞ்சளாவதில்லை. செங்கல் நிறத்துக்குச் சிவக்கிறது. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது. கட்டி உலர உலர அந்தச் சிவப்பு தணிந்து கடுகு நிறமாகவோ மங்கலான ஆரஞ்சாகவோ நிற்கும். வெளிச்சம் படும் இடத்தில் வைத்தால் அதுவும் வெளுக்கும். புதிதாகச் செய்பவர்கள் பலர் சிவப்பைக் கண்டதும் கெட்டுவிட்டதென்று கலவையையே கொட்டிவிடுகிறார்கள். கொட்டத் தேவையில்லை. ஆனால் அந்த நிறம் சொல்லும் செய்தியைக் கவனிக்க வேண்டும்: சோப்புக் கலவைக்குள் போடும் பொருள் போட்டபடியே இருப்பதில்லை.

காஸ்டிக் சோடாக் கரைசலின் பி.எச் (காரத்தைக் காட்டும் அளவு; 7-க்கு மேல் காரம்) 13-க்கும் மேல். முற்றிலும் உலர்ந்து தயாரான சோப்பே 9 முதல் 10.5 வரை இருக்கும். மூலிகை, பழச்சாறு, பால், தேன் எல்லாம் இந்தக் காரத்தைக் கடந்துதான் கட்டிக்குள் போகின்றன. ஆகவே "இதில் என்ன சத்து இருக்கிறது?" என்று கேட்டுப் பயனில்லை, "காரம் இதை என்ன செய்யும்?" என்று கேட்க வேண்டும்.

பேச்சுக்கு ஓர் அளவை வைத்துக்கொள்வோம். தேங்காய் எண்ணெய் 150 கிராம், ஆலிவ் எண்ணெய் 300 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம், மொத்தம் 500 கிராம். இது முழுவதும் சோப்பாக மாற சுமார் 74.4 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். தோலுக்கு உறுத்தாமல் இருக்கக் கொஞ்சம் எண்ணெயை மாறாமல் மிச்சம் விடுவது வழக்கம். அதனால் 70 கிராம் மட்டும் எடுக்கிறோம். தண்ணீர் 150 கிராம். எல்லாமே எடையில்தான், திரவங்களும் சேர்த்து. டம்ளர், ஸ்பூன் கணக்கில் காஸ்டிக் சோடாவை அளக்கச் சொல்லும் குறிப்பு எதுவாக இருந்தாலும் அதை நம்பாதீர்கள். எண்ணெயை மாற்றினால் காஸ்டிக் அளவும் மாறும். தேங்காய் எண்ணெய் 100 கிராமுக்கு 18.3 கிராம் தேவை, ஆலிவ் எண்ணெய்க்கு 13.5 போதும்.

இப்போது எலுமிச்சையைப் பார்ப்போம். 150 கிராம் தண்ணீருக்குப் பதில் முழுவதும் எலுமிச்சைச் சாறு ஊற்றினால் என்ன ஆகும்? சாற்றில் சுமார் 5 சதவீதம் சிட்ரிக் அமிலம், அதாவது 7.5 கிராம். ஒரு கிராம் சிட்ரிக் அமிலம் 0.62 கிராம் காஸ்டிக் சோடாவைத் தின்றுவிடும். அப்படியானால் நீங்கள் அளந்து போட்ட 70 கிராமில் 4.7 கிராம் எண்ணெயைத் தொடவே தொடாது. 6 சதவீதம் மிஞ்ச வேண்டிய எண்ணெய் 12 சதவீதமாகிறது. கட்டி மெத்தென்று இருக்கும், நுரை குறையும், சீக்கிரம் சிக்கு வாடை வரும். வைட்டமின் சி-யாவது மிஞ்சுமா என்றால், காரத்தில் அது தங்காது. எலுமிச்சை சேர்த்தே ஆக வேண்டுமென்றால் தோலை உலர்த்திப் பொடித்து அரைத் தேக்கரண்டி போடலாம். நிறத்துக்கும் லேசான தேய்ப்புக்கும் உதவும், மணம் பெரும்பாலும் போய்விடும். சமையல் சோடாவும் இதே வகைத் தொல்லைதான். அது காஸ்டிக் சோடாவோடு சேர்ந்து வாஷிங் சோடாவாக மாறும். அதைச் சோப்பில் போடுவதற்கு ஒரு காரணமும் இல்லை.

அடுத்தது இனிப்பு. தேன், சர்க்கரை, பால் மூன்றுமே கலவையைச் சூடாக்கும். 500 கிராம் எண்ணெய்க்கு ஒரு தேக்கரண்டி தேன் போதும். அதையும் சம அளவு தண்ணீரில் கரைத்து, அந்தத் தண்ணீரை மொத்த அளவிலிருந்து கழித்துவிட்டுச் சேர்க்க வேண்டும். இரண்டு மூன்று கரண்டி போட்டால் அச்சின் நடுப்பகுதி பொங்கி எழும், மேற்பரப்பு பிளக்கும், சில நேரம் எரிமலைபோல் வழியும். தேன் சேர்த்த கட்டியைத் துணி போட்டு மூடி வைக்கக் கூடாது. சிறிய அச்சுகளில் ஊற்றிக் காற்றோட்டமாக விடுங்கள்.

பாலைக் காஸ்டிக்கில் நேராக ஊற்றினால் சில நொடிகளில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, அமோனியா வாடை அடிக்கும். சர்க்கரை கருகுவதும் புரதம் சிதைவதும்தான் அந்தப் பழுப்பும் வாடையும். இதற்கு இரண்டு வழிகள். பாலைக் கட்டியாக உறையவைத்து, பனிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் காஸ்டிக்கைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவிக் கரைப்பது ஒன்று. எளிதானது மற்றொன்று: 75 கிராம் தண்ணீரில் 70 கிராம் காஸ்டிக்கை முழுக்கக் கரைத்து ஆறவிட்டு, மீதி 75 கிராமுக்குக் குளிர்ந்த பாலை எண்ணெயோடு சேர்த்து அடிப்பது. கரைசல் கெட்டியாக இருப்பதால் ஒரு துகள்கூடக் கரையாமல் நிற்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டே ஊற்ற வேண்டும். கரையாத துகள் கட்டிக்குள் போனால் குளிக்கும்போது தோலைப் புண்ணாக்கும்.

பச்சை இலைதான் அதிகம் ஏமாற்றுகிறது. வேப்பிலை, துளசி, குப்பைமேனி எதுவானாலும் அரைத்த விழுதில் பெரும்பகுதி தண்ணீர். 50 கிராம் விழுது போட்டால், கணக்கில் வராத தண்ணீர் ஏறக்குறைய 40 கிராம் கூடுதலாகப் போகிறது. அச்சிலிருந்து எடுக்கும்போதே கட்டி குழையும். இலைத் துணுக்குகள் நாலே நாளில் பழுப்பாகி, அவற்றைச் சுற்றி ஈரக் கறை விழும். பச்சை நிறம் எப்படியும் நிலைக்காது. பொடியாகப் போட்டாலும் சில வாரங்களில் பழுப்புக்குத் திரும்பும்.

இதைவிட மோசம், கடைச் சோப்பையோ, உருக்கி ஊற்றுவதற்கென்றே விற்கும் சோப் பேஸையோ உருக்கி அதில் கற்றாழைச் சோறு, வெள்ளரிச் சாறு, தக்காளி விழுது எல்லாம் கலந்து ஆறவைக்கும் முறை. அங்கே சோப்பாகும் வினை ஏற்கெனவே முடிந்துவிட்டது. நீங்கள் ஊற்றும் சாற்றை எதுவும் மாற்றப்போவதில்லை. ஈரமும் மாவுச்சத்தும் சர்க்கரையும் சோப்புக்கு நடுவே அப்படியே உட்கார்ந்திருக்கும். ஈரமான துணுக்கு மேற்பரப்பில் தெரியும் இடத்தில்தான் முதலில் பூஞ்சை பிடிக்கும். பேஸில் காய்ந்த பொடிகளை மட்டும், ஒரு கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டிக்கு மிகாமல், சேர்ப்பதே நல்லது.

எண்ணெயையும் காஸ்டிக்கையும் அடுப்பில் காய்ச்சாமல் கலக்கும் கோல்ட் பிராசஸ் முறையில் கற்றாழையைச் சேர்க்க முடியும், முறையோடு செய்தால். மடலை வெட்டி நிறுத்தி மஞ்சள் பாலை வடியவிட்டு, சோற்றை மட்டும் மிக்ஸியில் அடித்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். அந்த நீர் தண்ணீருக்குப் பதிலாகத்தான் போக வேண்டும், கூடுதலாக அல்ல. கேரட் விழுதுக்கும் இதே விதி. கேரட்டின் நிறம் காரத்தில் ஓரளவு தாக்குப்பிடிக்கும் என்பது அதற்குள்ள தனிச் சிறப்பு.

மற்ற மூலிகைகளுக்கு நல்ல வழி எண்ணெயில் ஊறவைப்பதுதான். இலையை நிழலில், விரலால் நொறுக்கினால் சரக்கென்று ஒடியும் வரை காயவையுங்கள். துவண்டால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள், அந்த ஈரம் எண்ணெயைக் கெடுக்கும். காய்ந்த இலை 30 கிராம், ஆலிவ் எண்ணெய் 340 கிராம். இலை கொஞ்சம் குடித்துவிடும் என்பதால்தான் 40 கிராம் கூடுதல். கண்ணாடிப் புட்டியில் போட்டு, 60 டிகிரி அளவுள்ள வெந்நீரில் இரண்டு மூன்று மணி நேரம் நிறுத்துங்கள். நேரடித் தீ வேண்டாம். துணியில் இறுத்தி, 300 கிராமைத் தராசில் நிறுத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பொடியாகச் சேர்ப்பதென்றால் மெல்லிய துணியில் சலித்தது மட்டுமே. 500 கிராம் எண்ணெய்க்கு மூலிகைப் பொடி ஒரு தேக்கரண்டி. கடலை மாவு அல்லது பொடித்த ஓட்ஸ் ஒரு மேசைக்கரண்டி. மஞ்சள் அரைத் தேக்கரண்டி, அதற்கு மேல் போனால் துண்டில் கறை ஏறும். எந்தப் பொடியானாலும் அளந்து வைத்த எண்ணெயிலேயே இரண்டு கரண்டி எடுத்துக் குழைத்து, கலவை லேசாக இறுகி, கரண்டியிலிருந்து விழும் கோடு மேலே நிற்கும் பதத்தில் சேருங்கள். நேராகத் தூவினால் திரளும். செம்பருத்தி, ரோஜா இதழ், சங்குப்பூ, பீட்ரூட் ஆகியவற்றின் நிறத்தை நம்பி இறங்காதீர்கள். பழுப்போ சாம்பலோதான் கிடைக்கும். காப்பித் தூளும் கல்லுப்பும் முகச் சோப்பில் வேண்டாம், கீறும். பட்டை எண்ணெயும் கிராம்பு எண்ணெயும் இரண்டு வகையில் தொல்லை: கலவையை ஒரே நிமிடத்தில் கரண்டியோடு இறுக வைக்கும், தோல் ஒவ்வாமையும் உண்டாக்கும்.

"காஸ்டிக் இல்லாத சோப்பு" என்று ஒன்று கிடையாது. பேஸ் வாங்கினால் அந்த வேலையை வேறொருவர் முடித்திருக்கிறார், அவ்வளவுதான். காரமே வேண்டாம் என்பவர்களுக்குச் சீயக்காயும் பூந்திக்கொட்டையும் இருக்கின்றன. காஸ்டிக்கைத் தொடுபவர்கள் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் தொடக் கூடாது. குளிர்ந்த தண்ணீரில் காஸ்டிக்கைத் தூவுங்கள். காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், தெறிக்கும். கரைசல் 80 டிகிரிக்கு மேலும் சூடேறும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, ஓட்டை விழும், எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிவரும். தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவுங்கள். வினிகர் ஊற்ற வேண்டாம். கண்ணில் பட்டால் 20 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனை.

சமையலறைப் பொருள் என்பதாலேயே தோலுக்குப் பாதுகாப்பு என்று ஆகிவிடாது. ஜப்பானில் கோதுமைப் புரதத்தைச் சிதைத்துச் சேர்த்த ஒரு முகச் சோப்பால் 2,000-க்கும் அதிகமானோருக்குக் கோதுமை ஒவ்வாமை வந்தது; 2011-ல் அந்தச் சோப்பு திரும்பப் பெறப்பட்டது. முகம் கழுவியதோடு போகவில்லை. அதுவரை ரொட்டி சாப்பிட்டு வந்தவர்களுக்கே அதைச் சாப்பிட்டால் ஒவ்வாமை வரும் நிலை ஏற்பட்டது. வீட்டுக் கோதுமை மாவும் அதுவும் ஒன்றல்ல. ஆனாலும் பால், ஓட்ஸ், பாதாம், கோதுமை சேர்த்த கட்டியை, அந்த ஒவ்வாமை உள்ளவருக்கோ கரப்பான் உள்ள குழந்தைக்கோ கொடுக்காதீர்கள். அரை நிமிடம் தோலில் இருந்துவிட்டுத் தண்ணீரோடு போகும் ஒரு பொருள் தோல் நோயைக் குணமாக்கும் என்று சொல்லி விற்பதும் சரியல்ல.

வெட்டிய கட்டிகளை இடைவெளி விட்டு, நிழலில், காற்றாட 4 முதல் 6 வாரம் வையுங்கள். இரும்புக் கம்பித் தட்டு வேண்டாம், அது பட்ட இடத்தில் எண்ணெய் சிக்குப் பிடிக்கும். பிறகு முன்கையின் உட்புறத்தை மட்டும் ஒரு வாரம் அதனால் கழுவிப் பாருங்கள். உறையில் செய்த தேதியையும், சேர்த்த பொருள் ஒவ்வொன்றையும், பொடியாகப் போட்டதா எண்ணெயில் ஊறவைத்ததா என்பதையும் எழுதி ஒட்டுங்கள். ஆறு மாதம் கழித்து, எண்ணெய் சிக்குப் பிடித்ததைக் காட்டும் ஆரஞ்சுப் புள்ளி விழும்போது எந்தத் தொகுதி, எந்த எண்ணெய் என்று தேட அந்தத் தாள்தான் உதவும்.