ஆடி பொறந்து பத்து நாள்

காசிமேட்டிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு 68 வயது. நாற்பது வருஷம் கூடையில் மீன் விற்றவர். கணவர் போன ஆறு மாதத்தில் பேச்சு சுருங்கிவிட்டது, கூப்பிட்டாலும் திரும்புவதில்லை, வைத்த பொருளைத் தேடிக்கொண்டே இருக்கிறார் என்று மருமகள் அழைத்து வந்திருந்தார். (ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

நான் மருத்துவ உளவியலாளர். மறதி என்று வருகிறவர்களுக்கு நினைவாற்றல் பரிசோதனை செய்வதுதான் என் அன்றாட வேலை. அன்றும் வழக்கமான 30 மதிப்பெண் தாளை எடுத்தேன். 1975-ல் அமெரிக்காவில் உருவான பரிசோதனை அது.

"இன்னைக்கு என்ன தேதிம்மா?"

"ஆடி பொறந்து பத்து நாளாவுது கண்ணு."

சரியான பதில். ஆனால் தாள் எதிர்பார்ப்பது ஜூலை மாதத் தேதியை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னேன், விழித்தார். "நூறு ரூபா நோட்டு குடுத்து ஏழு ரூபாய்க்கு வாங்கினா மீதி எவ்ளோ?" என்றதும் "தொண்ணூத்தி மூணு" என்று பட்டென வந்தது. ஒரு வாக்கியம் எழுதச் சொல்ல வேண்டிய இடத்தில், பேனாவை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். தாளில் உள்ளபடியே கூட்டினால் 17. 24-க்குக் கீழே என்றாலே மறதி நோயோ என்று சந்தேகிக்கச் சொல்கிறது அந்தத் தாள்.

அவருக்கு இருந்தது கண்புரை, காது மந்தம், துக்கத்தில் தொடங்கி ஆழமாகிவிட்ட மனச்சோர்வு. மூன்றுக்குமே வைத்தியம் உண்டு. மருமகளிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசாமல் இருந்திருந்தால் 'டிமென்ஷியா' என்று எழுதி அனுப்பியிருப்பேன். அதை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

இந்தச் சிக்கலை முன்பே உணர்ந்தவர்கள் 1998-ல் கொச்சியில் கூடி ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தார்கள். பெயர் '10/66'. மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, மக்களிடையே நடந்த ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றியதாக இல்லை என்ற கணக்கே பெயராகிவிட்டது. சென்னையும் வேலூரும் அதன் ஆய்வுக் களங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரையும் தவறாக முத்திரை குத்தாத முறை ஒன்றை அவர்கள் உருவாக்கினார்கள். கூட இருப்பவரிடம் விரிவாக விசாரிப்பது அதில் முக்கியமான பகுதி.

நம் மண்ணில் நடந்த ஆய்வு வைத்தியத்தையே திருப்பிப்போட்டதும் உண்டு. வலிப்போடு வருகிறவர்களின் ஸ்கேனில் சின்ன வளையம் போல ஒரு புள்ளி தெரியும். ஒரு காலத்தில் அதைக் காசநோய்க் கட்டி என்று எடுத்துக்கொண்டு, மாதக்கணக்கில் டி.பி. மாத்திரை கொடுத்தார்கள். 1980-களின் கடைசியில் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அப்படிப்பட்ட புள்ளிகளை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது, பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம்பருவக் கட்டிகள் என்று தெரிந்தது. பல கட்டிகள் தானாகவே சுருங்கி மறைபவை. இந்த நோய் அரிதாக இருக்கும் நாட்டில் யாருக்கும் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. வலிப்பு நோயாளிகள் உலகில் சுமார் 5 கோடி பேர். அவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் நம்மைப் போன்ற நாடுகளிலும் நம்மைவிட ஏழை நாடுகளிலும்தான் வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சென்னையில் திறமைக்குக் குறைவில்லை. ஐ.ஐ.டி. மெட்ராஸின் மூளை ஆய்வு மையம் இறந்த கருக்களின் மூளைகளை 5,132 மெல்லிய சீவல்களாகப் படமெடுத்து, 'தரணி' என்ற பெயரில் 2024 டிசம்பரில் உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்டது. எனக்கு அதில் அவ்வளவு பெருமை. அதே அளவு பெருமை, 1981 வாக்கில் இதே ஊரில் தொடங்கிய மனச்சிதைவு ஆய்விலும் உண்டு. புதிதாக நோய் கண்ட 90 பேரை எடுத்துக்கொண்டு, 20 ஆண்டுகளைத் தாண்டியும் பின்தொடர்ந்தார்கள். கூவம் கரையில் இருந்த குடும்பம் பெரும்பாக்கத்துக்குப் போய்விடும், செல்போன் எண் மாறிவிடும். தேடிப் போய் "எப்படிம்மா இருக்கீங்க" என்று கேட்க ஒருவர் இருந்தால்தான் இப்படி ஓர் ஆய்வு நிற்கும்.

அந்த ஒருவர்தான் நம்மிடம் நிலைப்பதில்லை. களப்பணியாளருக்கு ஒப்பந்தச் சம்பளம். புராஜெக்ட் முடிந்தால் வேலையும் முடிந்தது. கதவைத் தட்டவும், காது கொடுக்கவும், பொய்யில்லாமல் படிவம் நிரப்பவும் தேர்ச்சி பெற மூன்று வருஷம் ஆகிறது. பெரும்பாலும் புராஜெக்ட்டின் ஆயுளே அவ்வளவுதான். கருவி வாங்கக் கிடைக்கிற பணத்தில் ஒரு பங்காவது இவர்களை நிரந்தரமாக வைத்துக்கொள்ளக் கிடைக்க வேண்டும் என்று போகிற கூட்டத்திலெல்லாம் சொல்லி வருகிறேன்.

உங்கள் வீட்டுக்கு ஆய்வு என்று யாராவது வந்தால் அடையாள அட்டையையும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். விருப்பமில்லை என்றால் மறுக்கலாம். அதனால் உங்கள் சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. பழைய ஸ்கேன் ஃபிலிமைத் தூக்கிப் போடாதீர்கள். வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிக்காமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், இன்னொருவர் செல்போனில் வீடியோ எடுக்கட்டும். மருத்துவருக்கு அது பெரிய உதவி.

காசிமேட்டு அம்மா மூன்று மாதம் கழித்துக் கண் ஆபரேஷன் முடிந்து வந்தார். நிறையப் பேசினார். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகும் எங்கள் களப்பணியாளரின் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "அடுத்த வாட்டியும் இந்தப் பொண்ணுதானே வரும்?"

மார்ச்சில் அந்தப் பெண்ணின் ஒப்பந்தம் முடிகிறது. "கேட்டுச் சொல்றேம்மா" என்றேன்.