அஃபேசியா: மொழியிழப்பு

'அஃபேசியா' கிரேக்க வேர்களிலிருந்து வந்த சொல். 'அ' என்பது இல்லாமை, 'ஃபாசிஸ்' என்பது பேச்சு. பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா 1861-இல் இந்த நிலையை 'அஃபெமியா' என்றுதான் அழைத்தார். 1864-இல் அர்மான் த்ரூசோ என்ற இன்னொரு பிரெஞ்சு மருத்துவர் சொன்ன 'அஃபேசியா' நிலைத்துவிட்டது. நாக்கும் தொண்டையும் காதும் நன்றாக இருந்தும், மூளையில் மொழியைக் கையாளும் பகுதி பாதிக்கப்பட்டதால் பேசவோ, பிறர் பேச்சைப் புரிந்துகொள்ளவோ முடியாமல் போவதே அஃபேசியா.

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் பக்கவாதத்தால் வருகிறது. குழந்தைகளுக்கு மிக அரிதாக வரும் ஒரு வகை உண்டு. 1957-இல் அதை விவரித்த வில்லியம் லாண்டோ, ஃபிராங்க் கிளெஃப்னர் இருவரின் பெயரால் லாண்டோ–கிளெஃப்னர் சின்ட்ரோம் என்கிறார்கள். பெரும்பாலும் 3 முதல் 7 வயதுக்குள் தொடங்கும். அதுவரை வயதுக்கேற்ப நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளைக்கு முதலில் குறைவது பெரும்பாலும் பேச்சு அல்ல, புரிதல். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. காது கேட்கவில்லையோ என்று பெற்றோர் பரிசோதிக்கிறார்கள். காது சரியாகவே இருக்கும். ஒலி உள்ளே போகிறது, ஆனால் சொல்லாகப் பிடிபடுவதில்லை. இதற்கு மட்டும் 'வெர்பல் ஆடிட்டரி அக்னோசியா' என்று தனிப் பெயர் உண்டு. 'சொல்லொலி அறியாமை' என்று சொல்லலாம். அப்புறம் பிள்ளையின் சொற்களும் ஒவ்வொன்றாகக் குறைந்து, சிலர் முழு மௌனத்துக்கே போய்விடுகிறார்கள். காதுக்கு மேலே உள்ள மூளைப் பகுதிகளில், குறிப்பாகத் தூக்கத்தில், வலிப்பு நோயில் காண்பது போன்ற மின்னலைகள் எழுகின்றன. கை கால் வெட்டி இழுக்கும் வலிப்பு சில குழந்தைகளுக்கு வருவதே இல்லை. அதனால்தான் காது கேளாமை என்றும் ஆட்டிசம் என்றும் தவறாக எண்ண நேர்கிறது.

தமிழில் 'பேச்சின்மை', 'பேச்சிழப்பு', 'மொழியிழப்பு' என்றெல்லாம் எழுதலாம். 'பேச்சின்மை' கிரேக்கத்துக்கு நேரான சொல்தான், ஆனால் பிறவியிலேயே பேச்சு வராததையும் அது குறித்துவிடும். குழந்தைகளுக்கு வரும் இந்த நோயைச் சொல்லும்போது மருத்துவர்கள் 'அக்வயர்ட்' என்ற அடைமொழியையும் சேர்க்கிறார்கள், பின்னால் வந்தது என்று காட்ட. 'இழப்பு' என்றால் அந்த அடைமொழியே வேண்டாம். இருந்தது போயிற்று என்பது சொல்லிலேயே இருக்கிறது. புரிதலும் சேர்ந்து போவதால் 'பேச்சிழப்பு'க்கும் மேலாக 'மொழியிழப்பு' என்பதே என் தேர்வு. சின்ட்ரோமுக்கு 'நோய்க்குறித் தொகுப்பு' போதும். 'ஊமை' என்ற சொல் வேண்டவே வேண்டாம்: அது பிழை, பிள்ளையைக் காயப்படுத்தவும் செய்யும்.

நன்றாகப் பேசிய பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொண்டால், காதுப் பரிசோதனையோடு நிற்காமல் குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். தூங்கும்போது எடுக்கும் ஈஈஜி, அதாவது மூளையின் மின்னலைப் பதிவு, இதில் முக்கியம். வலிப்பு மருந்துகளும் ஸ்டீராய்டும் கொடுக்கிறார்கள். பேச்சுப் பயிற்சியும் உண்டு. சிலர் நன்றாக மீள்கிறார்கள், சிலருக்குக் குறை தங்கிவிடுகிறது. கேட்கும் பேச்சு பிடிபடாத காலத்தில் சைகை மொழி கற்றுக்கொடுக்கலாம். அதனால் பேச்சு திரும்புவது தடைபடாது.