வில்லன் எதைப் பணயம் வைத்தான்?

நேற்று ராத்திரி தொலைக்காட்சியில் ஒரு டப்பிங் படம். பழைய ராணுவக்காரன் ஒருவன், அவன் மனைவியையும் மகளையும் ஒரு கும்பல் பிடித்து வைத்துக்கொள்கிறது, இவன் தனியாளாகப் போய் எல்லாரையும் சுட்டுத் தள்ளி மீட்கிறான். வழக்கமான கதைதான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, விளம்பரம் வந்தபோதுகூட எழுந்து போகவில்லை. வில்லன் போனில் சொல்கிறான்: "உன் குடும்பம் இப்போது எங்கள் பணயக்கைதிகள்." நாயகன் பதிலுக்கு, "என் உயிரைப் பணயம் வைத்தாவது அவர்களை மீட்பேன்" என்கிறான். ஒரே காட்சியில் ஒரே சொல்லுக்கு நேரெதிரான இரண்டு வேலை. எழுதியவருக்கும் உறுத்தவில்லை, குரல் கொடுத்தவருக்கும் உறுத்தவில்லை.

பணயக்கைதி என்று இவர்கள் மொழிபெயர்க்கிற ஆங்கிலச் சொல் ஹாஸ்டேஜ், அதன் பிறப்பைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. விருந்தினரைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் கிளை என்பது ஒரு கட்சி, பிணையைக் குறிக்கும் வேறொரு லத்தீன் சொல்லின் திரிபு என்பது இன்னொரு கட்சி. எதுவானாலும் பழைய பொருளில் துப்பாக்கிமுனை கிடையாது. ஒப்பந்தம் போட்ட அரசன் வாக்குத் தவற மாட்டான் என்பதற்கு ஈடாக எதிரியிடம் போய் இருக்கிற ஆள், அவ்வளவுதான். 1792ல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் தன் பிள்ளைகள் இருவரை ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸிடம் ஒப்படைத்தாரே, அது. 1794ல்தான் அவர்கள் திரும்பி வந்தார்கள். இன்றைய பொருளை 1979ல் ஐ.நா. ஏற்ற உடன்படிக்கை சொல்கிறது: ஒருவரைப் பிடித்து வைத்து, கொல்வேன், காயப்படுத்துவேன், விடமாட்டேன் என்று மிரட்டி, மூன்றாவது ஆளை ஒன்றைச் செய்யவோ செய்யாமல் இருக்கவோ கட்டாயப்படுத்துவது. அந்த மூன்றாவது ஆள்தான் முக்கியம். படத்தில் அது நாயகன்.

இப்போது பணயத்துக்கு வருவோம். அது சூதாட்டச் சொல். ஆடுகிறவன் தன் கையில் இருப்பதை நடுவில் வைக்கிறான், தோற்றால் போவது அவன் பொருள். தருமன் நாட்டை வைத்தான், தம்பிகளை வைத்தான், தன்னை வைத்தான், கடைசியில் பாஞ்சாலியை வைத்தான். தன்னைத் தோற்றவனுக்கு என்னை வைக்க ஏது உரிமை என்று அவள் சபையிலே கேட்டாள். ஆக, பணயம் வைப்பவன் தனக்கு உரியதைத்தான் வைக்க முடியும். நம் வில்லன் எதை வைத்தான்? அடுத்தவன் பெண்டாட்டி பிள்ளையை இழுத்து வந்து நாற்காலியில் கட்டினான். தன் பையிலிருந்து ஒன்றும் எடுத்து வைக்கவில்லை. அந்தப் படத்திலேயே பணயம் வைத்தவன் நாயகன் ஒருத்தன்தான்.

பழைய அகராதியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று தெரியும். பணையம் என்று ஐகாரம் போட்டு, ஈடு, அடகு என்றும் பொருள் இருக்கிறது. சரி, இருக்கட்டும். இன்றைக்கு யார் காதில் அந்தப் பொருள் விழுகிறது? நகையைப் பணையம் வைத்தேன் என்று யாராவது சொல்லிக் கேட்டு எத்தனை நாளாகிறது? பணயம் என்றதும் உயிரைப் பணயம் வைப்பதுதான் நினைவுக்கு வரும்.

அப்புறம் அந்தக் கைதி. அரபியில் பிறந்து உருது வழியாக வந்தது என்பதற்காக நான் அதை விரட்டவில்லை, விரட்டினால் பாதி நீதிமன்றமே காலியாகிவிடும். கைதி என்றால் கூடவே வழக்கு, தண்டனை, எண் போட்ட சட்டை எல்லாம் வருகின்றன, அதுதான் தொல்லை. பள்ளிச் சீருடையோடு தூக்கி வரப்பட்ட பெண்குழந்தை எந்தக் குற்றத்துக்குக் கைதி?

தமிழில் பிணை என்று ஒரு சொல் சும்மா கிடக்கிறது. பிணைத்தல் என்றால் கட்டுதல், ஒன்றோடொன்று கோத்தல். களத்தில் கதிரை மிதித்துப் போரடிக்கிற மாடுகளை வரிசையாகச் சேர்த்துக் கட்டி ஓட்டுவதைப் பிணையல் என்பார்கள். அதில் ஒரு மாடு முரண்டு பிடித்து இழுத்தால் பக்கத்து மாட்டின் கழுத்தில் கயிறு இறுகும். நாயகன் இங்கே அசைந்தால் மகளுக்கு அங்கே வலிக்கும். வேறென்ன விளக்கம் வேண்டும்? ஆகவே பிணையாள்.

நீதிமன்றத்தில் பிணை என்றால் ஜாமீன் ஆயிற்றே, பிணையாளர் என்றால் ஜாமீன் கொடுப்பவர் ஆயிற்றே, குழம்பாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இரண்டும் ஒரே வேர்க்கருத்துதான், ஒருவர் நடத்தைக்கு இன்னொருவர் ஈடாக நிற்பது. ஒருவர் விரும்பிக் கையெழுத்துப் போடுகிறார், இன்னொருவர் கழுத்தில் கத்தி. துப்பாக்கியோடு நிற்பவனைப் பார்த்துவிட்டு, அவன் பிடித்து வைத்திருப்பவரை ஜாமீன்தாரர் என்று யாரும் நினைக்கப் போவதில்லை. இரண்டு பக்கத்துக்கும் நல்லவராகப் பிணைக்கைதி என்று எழுதுகிறார்களே, அதுதான் உண்மையில் குழப்புகிறது, ஜாமீனில் வந்த ஆள் மாதிரி கேட்கிறது.

உதடசைவுக்குப் பொருந்தாது என்ற சாக்கும் செல்லாது. ஹாஸ்டேஜ் சின்னச் சொல், பிணையாள் என்பதை அதற்குள் ஒருவாறு அடக்கலாம். பணயக்கைதி என்று முடிப்பதற்குள் வில்லன் வாயை மூடி அடுத்த ஆளை முறைக்கத் தொடங்கிவிடுகிறான்.

டப்பிங் வசனம் எழுதுகிற இதே கூட்டம்தான் ‘இங்கே ஒரு பணயக்கைதி சூழ்நிலை உள்ளது’ என்றும் எழுதுகிறது. எந்தத் தமிழன் அப்படிப் பேசுவான்? ‘உள்ளே ஆட்களைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்’, முடிந்தது. பாதி இடங்களில் பெயர்ச்சொல்லே தேவையில்லை, பிணையாகப் பிடித்தான், பிணையாக வைத்தான் என்று வினையாகப் போட்டால் போதும். கேட்கிற பணத்துக்குப் பணயத்தொகையாம், மீட்புப்பணம் என்ற தெளிவான சொல் இருக்கும்போது.

கடைசிக் காட்சியையும் சொல்லிவிடுகிறேன். கட்டிடம் எரிகிறது, மகள் ஓடிவந்து அப்பா கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள், வாக்கிடாக்கியில் உள்ளே என்ன நிலவரம் என்று கேட்கிறார்கள். அந்த மனுஷன் சொந்த மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு சொல்கிறான்: "பணயக்கைதிகள் பாதுகாப்பாக உள்ளனர்."