நாய்க்கு ஊசி போட்டாச்சு, எனக்கு எதற்கு?

காட்பாடியோ குடியாத்தமோ, நாய் கடித்தவர்கள் பலர் கேட்பது இதுதான்: "வீட்டு நாய்தான், ஊசி போட்டிருக்கு. நானும் போடணுமா?" போட வேண்டும். காரணம் நாயின் உடம்பிலும் இருக்கிறது, நம் உடம்பிலும் இருக்கிறது.

ரேபிஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோயின் வைரஸ் கடிபட்ட சதையிலிருந்து நரம்புக்குள் நுழைந்து மூளையை நோக்கி ஏறும். நரம்புக்குள் போய்விட்டால் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் அது எளிதில் படாது. தண்ணீரைக் கண்டு மிரளும் கட்டம் வந்தால் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. நல்லவேளையாக, அறிகுறி தெரியப் பெரும்பாலும் 2, 3 மாதம் ஆகிறது. தலையிலோ முகத்திலோ கடி என்றால் அவகாசம் குறையும்.

தடுப்பூசியில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ். அதன் மேலுறையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஜி புரதத்தை அடையாளம் கண்டுகொண்ட பி செல்கள் (ரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகை) பெருகி, எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. அது உயிருள்ள வைரஸின் ஜி புரதத்தைப் பற்றிக்கொண்டால், வைரஸால் நரம்பில் ஒட்ட முடியாது. ரத்தநீரில் மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு எதிர்ப்பொருள் இருந்தால், தடுப்பூசி வேலை செய்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் கொள்கிறது. ஆனால் அந்த அளவை எட்ட ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

அதுவரை? ஆழமான கடிக்குக் காயத்துக்குள்ளும் சுற்றியும் போடுகிற இம்யூனோகுளோபுலின்தான் காவல். மனித ரத்தத்திலிருந்தோ குதிரை ரத்தத்திலிருந்தோ பிரித்த, ஏற்கெனவே தயாரான எதிர்ப்பொருள் அது. வலிக்கும், ஆனாலும் வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள். தடுப்பூசி தொடங்கி 7 நாள் கடந்தால் அதைப் போடுவதில்லை, அதற்குள் உடம்பே சுரக்கத் தொடங்கியிருக்கும். இதற்கெல்லாம் முன்னால், கடித்த உடனே சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும்.

சரி, நாய்க்கு வருவோம். அதற்கும் இதே ஜி புரதம்தான், இதே பி செல்கள்தான். ஆனால் ஒரே ஊசியில் எல்லா நாய்க்கும் போதிய அளவு எதிர்ப்பொருள் வந்துவிடாது. வந்ததும் மாதங்கள் போகப்போக இறங்கும். மறு ஊசி போட்டால், முந்தைய ஊசியை நினைவில் வைத்திருக்கும் பி செல்களான நினைவு செல்கள் விழித்து மளமளவென்று சுரக்கும். ஆண்டுதோறும் போடச் சொல்வது அதனால்தான். குட்டிகளின் கதை வேறு: சீம்பாலில் வந்த தாயின் எதிர்ப்பொருள் தடுப்பூசியையே மடக்கிவிடலாம் என்பதால் 3 மாதம் ஆன பிறகே போடுகிறார்கள். அதற்குள் பிள்ளைகளைக் கடித்துவைக்கும் குட்டிகள்தான் எனக்குப் பெரிய கவலை.

கடித்த நாய்க்கு நோய் தெரிகிறதா என்று 10 நாள் கவனிப்பது நல்லதுதான், ஆனால் ஊசியைத் தொடங்கிவிட்டுக் கவனியுங்கள். வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் தோலில் போடுவதானால் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள் (முதல் ஊசி போடும் நாள்தான் 0). முழுத் தவணையும் முடித்தவரை மறுபடி நாய் கடித்தால் 0, 3 ஆகிய இரண்டு நாள் ஊசியே போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. நினைவு செல்கள் சில நாட்களிலேயே எதிர்ப்பொருளை ஏற்றிவிடும். அதனால் ஊசிச் சீட்டைத் தொலைக்காமல் வைத்திருங்கள்.